லினக்ஸில் ஒலி, வெளிச்ச விசைகள் வேலை செய்யவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

கோத்தகிரியில் லேப்டாப் பழுது பார்க்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துவிட்டால் கடைக்கு வருகிற பத்துப் பேரில் சிலராவது சொல்வது இதுதான்: "சவுண்டு பட்டன் போயிருச்சுங்க, கீபோர்டு மாத்திடுங்க." மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுகிறேன். பெரும்பாலும் கீபோர்டு நன்றாகவே இருக்கும்.

இதை எழுதக் காரணம் ஒரு சிறு தேயிலை விவசாயியின் மகன். வெளிச்சத்தைக் கூட்டும் விசை வேலை செய்யவில்லை என்று வேறொரு இடத்தில் கீபோர்டையே மாற்றியிருந்தார்கள். பலகை புதிது, பிரச்சினை பழையதேதான். என்னிடம் வந்தபோது பயாஸில் (லினக்ஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) ஒரே ஒரு வரியை மாற்றினேன், சரியாகிவிட்டது. இலை விற்ற காசு வீணாய்ப் போனதே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய், உதிரிபாகம் தேடி, மறுபடி மலை ஏறுவது ஒரு முழு நாள் வேலை. அந்த நாளை மிச்சப்படுத்தத்தான் இந்தக் குறிப்பு.

உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி எழுதியிருக்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பின்னால் வரும் கீபோர்டு_கீ_, எக்ஸ்டிஜி_செஷன்_டைப் இரண்டு மட்டும் பேரெழுத்தில்.

எல்லாவற்றுக்கும் முன்: விசை உள்ளே வந்து சேருகிறதா?

எந்த விசை வந்தது என்று காட்டும் லிப்இன்புட் கருவிகளை நிறுவிக்கொள்ளுங்கள். டெபியன், உபுண்டு, மின்ட்டில் பொதியின் பெயர் லிப்இன்புட்-டூல்ஸ். பிறகு இப்படிக் கொடுங்கள்:

சூடோ லிப்இன்புட் டீபக்-ஈவன்ட்ஸ் --ஷோ-கீகோட்ஸ்

இப்போது பிரச்சினையுள்ள விசையை அழுத்துங்கள். திரையில் ஒரு வரி வரும், அல்லது வராது. ஈவிடெஸ்ட் என்ற கருவியையும் பலர் சொல்வார்கள். நல்ல கருவிதான், ஆனால் அது முதலில் பட்டியல் காட்டி ஒரு சாதனத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பலரும் வழக்கமான கீபோர்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு "ஒன்றும் வரவில்லை" என்கிறார்கள். லேப்டாப்பில் ஒலி, வெளிச்சம், விமானப் பயன்முறை விசைகள் பலநேரம் வேறு பெயரில் தனிச் சாதனமாக உட்கார்ந்திருக்கும். வெளிச்ச விசை பெரும்பாலும் 'வீடியோ பஸ்' என்பதன் கீழ் வரும். மற்றவை 'திங்க்பேட் எக்ஸ்ட்ரா பட்டன்ஸ்', 'ஹெச்பி டபிள்யூஎம்ஐ ஹாட்கீஸ்', 'ஏசஸ் டபிள்யூஎம்ஐ ஹாட்கீஸ்', 'இன்டெல் ஹிட் ஈவன்ட்ஸ்' என்பதுபோல் இருக்கும். லிப்இன்புட் எல்லாச் சாதனங்களையும் ஒருசேரக் கவனிப்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

வரியே வரவில்லை என்றால் அறிகுறி 1. வரி வருகிறது, ஆனால் எஃப்2, எஃப்3 என்று தப்பான பெயர் காட்டுகிறது என்றால் அறிகுறி 2. கீ_வால்யூம்அப் என்று சரியான பெயரே வருகிறது, ஆனாலும் ஒலி ஏறவில்லை என்றால் அறிகுறி 3. மற்றவை அவற்றுக்குப் பின்னால் வருகின்றன.

அறிகுறி 1: அழுத்தினால் திரையில் ஒன்றுமே வரவில்லை

*ஒரே ஒரு விசை மட்டும்.* லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்து மெல்லத் தட்டுங்கள். விசையின் மூடிக்குக் கீழே துகள் சிக்கியிருக்கலாம். வெளி யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகி அதே விசையை அழுத்திப் பாருங்கள். அதில் வந்தால் கோளாறு உங்கள் பலகையில்தான்.

*காலையில் வராது, மதியம் வரும்.* நீலகிரியில் இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். ஜன்னலோரம் இரவெல்லாம் வைத்த லேப்டாப்பில் பனிமூட்டத்தின் ஈரம் இறங்கி, விசைகளுக்கு அடியிலுள்ள மெல்லிய தாளில் படிகிறது. இயந்திரத்தை அணைத்துவைத்து, ஈரமில்லாத அறையில் நன்றாகக் காயவிடுங்கள். முடி உலர்த்தியைக் காட்டாதீர்கள், விசை மூடி வளைந்துவிடும். இரவில் பீரோவுக்குள்ளோ மூடிய பைக்குள்ளோ வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டைக் கூடவே போட்டு வைப்பது நல்லது. வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் உள்ளே துரு பிடிக்கத் தொடங்கியிருக்கும். அப்போது காட்டத்தான் வேண்டும்.

*ஒரு கொத்து விசைகள் ஒன்றாகப் போய்விட்டன.* இது ரிப்பன் கேபிள் தளர்வு அல்லது பலகைக்குள் ஒரு தடம் அறுந்தது. மென்பொருளில் தேட வேண்டாம். அறிந்தவரிடம் கொடுங்கள். ரிப்பனைப் பிடித்திருக்கும் சிறு பிளாஸ்டிக் தாழ்ப்பாள் உடைந்துவிட்டால் மதர்போர்டு வரைக்கும் செலவு போகும்.

*ஒலி, வெளிச்ச விசைகள் மட்டும் வரவில்லை, எழுத்து விசைகள் நன்றாக இருக்கின்றன.* டெர்மினலில் சூடோ டிஎம்இஎஸ்ஜி --ஃபாலோ என்று கொடுத்துவிட்டு அந்த விசையை அழுத்துங்கள். 'அன்னோன் கீ பிரஸ்டு' என்ற வரியும், அதிலேயே 'கோடு 0எக்ஸ்' என்பதை அடுத்து ஒரு குறியெண்ணும் வந்தால் மகிழுங்கள். விசை உயிரோடுதான் இருக்கிறது. லினக்ஸின் மையமான கெர்னலுக்கு அதன் பெயர்தான் தெரியவில்லை. அந்தக் குறியெண்ணுக்குப் பெயர் வைக்கும் இடம் /எட்சி/யுடெவ்/ஹெச்டபிள்யூடிபி.டி என்ற அடைவு (எட்சி என்பதை இடிசி என்று தட்டுங்கள்). அங்கே 90 என்று தொடங்கும் பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி, முதல் வரியில் உங்கள் இயந்திரத்தின் அடையாளத்தையும், அடுத்த வரியில் கீபோர்டு_கீ_ என்பதுடன் குறியெண்ணையும், சமக்குறிக்குப் பிறகு வால்யூம்அப் போன்ற பெயரையும் எழுத வேண்டும். மாதிரிக்கு, கணினியில் ஏற்கெனவே இருக்கும் 60-கீபோர்டு.ஹெச்டபிள்யூடிபி கோப்பைத் திறந்து, உங்கள் மாடலுக்கு அருகில் இருக்கும் பகுதியைப் பார்த்து எழுதுங்கள். இரண்டாவது வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கட்டாயம். அந்த ஓர் இடைவெளியை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தேடியவர்களை எனக்குத் தெரியும். முடித்ததும் சூடோ சிஸ்டம்டி-ஹெச்டபிள்யூடிபி அப்டேட், பிறகு சூடோ யுடெவ்அட்ம் டிரிக்கர்.

ஒரு செய்தி: எஃப்என் விசையைத் தனியாக அழுத்தி ஒன்றும் வரவில்லை என்று பயப்படாதீர்கள். பெரும்பாலான லேப்டாப்களில் அது உள் சில்லிலேயே முடிந்துவிடும், லினக்ஸ் வரை வராது. அதனால் மென்பொருளால் அதை வேறு விசையாக மாற்றவும் முடியாது. திங்க்பேடில் எஃப்என்னையும் கன்ட்ரோலையும் இடம் மாற்ற பயாஸிலேயே வசதி இருக்கிறது.

அறிகுறி 2: விசை வருகிறது, ஆனால் தப்பான பெயரில்

*ஒலிக்கு அழுத்தினால் எஃப்3 வருகிறது, அல்லது எஃப்5 அழுத்தினால் வெளிச்சம் மாறுகிறது.* எஃப்என் பூட்டு புரண்டுவிட்டது. எஃப்என்னையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். எஸ்கேப் விசையில் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் அதுதான் அடையாளம். மாறவில்லை என்றால் பயாஸுக்குள் போங்கள். லெனோவோவில் 'ஹாட்கீ மோட்', ஹெச்பியில் 'ஆக்‌ஷன் கீஸ் மோட்', டெல்லில் 'ஃபங்ஷன் கீ பிஹேவியர்' என்பதுபோல் ஒரு வரி இருக்கும். நான் மேலே சொன்ன அந்தப் பையனின் லேப்டாப்பில் மாற்றிய வரி இதுதான்.

*தனியாக வாங்கிய ப்ளூடூத் அல்லது மெக்கானிக்கல் கீபோர்டு.* கீக்ரான் போன்ற சில பலகைகள் தம்மை ஆப்பிள் கீபோர்டு என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். லினக்ஸும் நம்பி ஹிட்_ஆப்பிள் என்ற தொகுதியிடம் ஒப்படைத்துவிடும். பிறகு எஃப் விசைகள் எல்லாம் ஒலி, வெளிச்சம் என்றே வரும். முதலில் பலகையின் பக்கவாட்டிலுள்ள விண்டோஸ்/மேக் சுவிட்சை மாற்றிப் பாருங்கள். போதவில்லை என்றால்:

எக்கோ 2 | சூடோ டீ /சிஸ்/மாட்யூல்/ஹிட்_ஆப்பிள்/பாராமீட்டர்ஸ்/எஃப்என்மோட்

2 என்றால் எஃப் விசைகளுக்கு முதலிடம், 1 என்றால் மீடியா விசைகளுக்கு. உடனே பலன் தெரியும். பிடித்திருந்தால் மட்டும் எட்சியில் மாட்ப்ரோப்.டி அடைவுக்குள் 'ஆப்ஷன்ஸ் ஹிட்_ஆப்பிள் எஃப்என்மோட்=2' என்று ஒரு கோப்பு எழுதி, சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு (ஃபெடோராவில் சூடோ ட்ராகட் -எஃப்) கொடுத்து நிரந்தரமாக்குங்கள்.

*அட் குறிக்குப் பதில் இரட்டை மேற்கோள் வருகிறது.* வெளிநாட்டிலிருந்து வந்த பழைய லேப்டாப்பாக இருக்கும், அல்லது பலகை அமைப்பு பிரிட்டன் என்று இருக்கும். செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் 'இங்கிலீஷ் (இந்தியா, வித் ரூபீ)' என்பதைச் சேருங்கள். இதில் வலப்பக்க ஆல்ட் விசையுடன் 4 அழுத்தினால் ரூபாய் குறி வரும். இலைக் கணக்கு, ரசீது எழுதுபவர்களுக்கு இதை நானே கேட்காமல் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

அறிகுறி 3: சரியான பெயரே வருகிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை

*ஒலி.* திரையில் ஒலி அளவுப் படம் ஏறி இறங்குகிறதா? ஏறி இறங்கியும் சத்தம் மாறவில்லை என்றால் விசையில் குறையில்லை. ஒலி எச்டிஎம்ஐ வழியாக மூடிக்கிடக்கும் திரைக்கோ, வேறு அறையிலுள்ள ப்ளூடூத் பெட்டிக்கோ போய்க்கொண்டிருக்கும். சவுண்டு செட்டிங்ஸில் வெளியீட்டை மாற்றுங்கள். படமே வரவில்லை என்றால் கீபோர்டு செட்டிங்ஸில் குறுக்குவிசைப் பட்டியலைத் திறந்து, 'சவுண்டு அண்டு மீடியா' பகுதியில் அந்த வரி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால் அதைச் சொடுக்கி விசையை அழுத்திப் பதியுங்கள்.

*மைக் அடைக்கும் விசை.* இதில் ஒரு வரலாறு இருக்கிறது. கெர்னலில் இந்த விசையின் எண் 248. பழைய எக்ஸ் சாளர அமைப்பு ஒவ்வோர் எண்ணிலும் 8 கூட்டிக்கொள்ளும், 255க்கு மேல் அதற்குக் கண் தெரியாது. 248ம் 8ம் 256. ஓர் எண்ணால் தவறிவிடுகிறது. அதனால்தான் பல லேப்டாப்களில் இந்த விசையை எஃப்20 என்று பெயர் மாற்றி அனுப்புகிறார்கள். உங்கள் இயந்திரத்தில் கீ_மைக்மியூட் என்று வந்தும் வேலை நடக்கவில்லை என்றால், அறிகுறி 1ல் சொன்ன அதே முறையில் அதற்கு எஃப்20 என்று பெயர் கொடுங்கள்.

*வெளிச்சம்.* பட்டை நகர்கிறது, திரை மாறவில்லை என்றால் கெர்னல் தவறான வழியில் கட்டுப்படுத்தப் பார்க்கிறது. கணினி தொடங்கும்போது க்ரப் பட்டியலில் 'இ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ் என்று சேர்த்து, எஃப்10 அழுத்தித் தொடங்குங்கள். அந்த ஒருமுறைக்கு மட்டும்தான் அது இருக்கும். பலிக்கவில்லை என்றால் நேட்டிவ் இருந்த இடத்தில் வெண்டார் போட்டுப் பாருங்கள். பலித்ததை மட்டும் க்ரப் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதுங்கள். சோதிக்காமல் நிரந்தரமாக்கினால் இருண்ட திரையோடு மாட்டிக்கொள்வீர்கள்.

*ப்ளே விசை வேறு எதையோ ஓட்டுகிறது.* விஎல்சி ஓடிக்கொண்டிருக்க, ப்ளே அழுத்தினால் உலாவியில் மறந்துபோன யூட்யூப் டேப் பாட ஆரம்பிக்கும். ப்ளேயர்சிடிஎல் என்ற கருவியை நிறுவி, ப்ளேயர்சிடிஎல் -எல் என்று கொடுத்தால் யார் யார் வரிசையில் நிற்கிறார்கள் என்று தெரியும். ஃபயர்பாக்ஸில் அபவுட்:கான்ஃபிக் திறந்து மீடியா.ஹார்டுவேர்மீடியாகீஸ்.எனேபில்டு என்பதை அணைத்துவிட்டால் உலாவி இந்த வரிசையில் நிற்காது.

அறிகுறி 4: தமிழ் மாற்றும் விசை போட்ட நாளிலிருந்து மற்றவை கெட்டுவிட்டன

எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. மற்றவர்கள் எழுதும் குறிப்புகளில் இதற்கு விடை கிடைக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இரண்டு எழுத்து தேவையில்லை.

*கன்ட்ரோல்+ஸ்பேஸ்.* எஃப்சிஐடிஎக்ஸ் என்ற தட்டச்சு மென்பொருள் போட்டவர்களுக்குத் தமிழ்-ஆங்கிலம் மாறுவது இதில்தான். லிப்ரேஆபிஸ் கால்க்கில் ஒரு நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுப்பதும் இதே விசைதான். தமிழ் மாற்றி முந்திக்கொள்வதால் கால்க்கில் நெடுவரிசை தேர்வாகாது. கணக்கு வேலை செய்பவரானால் மொழி மாற்றத்தைச் சூப்பர்+ஸ்பேஸுக்கு நகர்த்துங்கள் (சூப்பர் என்பது விண்டோஸ் படமுள்ள விசை). க்னோம் டெஸ்க்டாப்பில் அது இயல்பாகவே அப்படித்தான்.

*கன்ட்ரோல்+சி, கன்ட்ரோல்+வி வேலை செய்யவில்லை.* உள்ளீட்டு மொழிப் பட்டியலில் தமிழ் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தை நீக்கிவிட்டு தமிழ்நெட் 99 பலகையை மட்டும் வைத்தால், கணினிக்கு 'சி' என்ற எழுத்தே கிடைக்காது. ஆங்கிலத்தைப் பட்டியலில் முதலாவதாகவும் தமிழை இரண்டாவதாகவும் வையுங்கள். ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருள் வழியாக எம்17என் தமிழ்99 போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

*ஒரே விசையில் மாற வேண்டும்.* தமிழ் 99 முறைக்கு, 1999ல் தமிழ்நாடு அரசு ஏற்ற அந்த அமைப்புக்கு, கேப்ஸ் லாக்கால் ஒரு வேலையும் இல்லை. தமிழில் பெரிய எழுத்து ஏது? பலகையில் இவ்வளவு நல்ல இடத்தில், இவ்வளவு பெரிய விசை சும்மா கிடக்கிறது. க்னோம் ட்வீக்ஸில் கீபோர்டு பகுதியின் கூடுதல் அமைப்புகளில் 'வேறு அமைப்புக்கு மாறுதல்' என்பதன்கீழ் கேப்ஸ் லாக்கைத் தேர்ந்தெடுங்கள்.

இந்தக் கேப்ஸ் லாக்கை வேறொரு வேலைக்கும் வைத்தேன். படுக மொழிப் பாட்டுகளைப் பெரியவர்களிடம் பதிவு செய்து, கேட்டுக் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதுகிற ஒரு பெண் இருக்கிறார். "அண்ணா, ஒவ்வொரு அடிக்கும் மவுஸ எடுக்க வேண்டியிருக்கு. பாட்டி பாடுறது அதுக்குள்ள அடுத்த அடிக்குப் போயிருது" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு கையும் எழுத்தில் இருக்கும், நிறுத்த வேண்டிய நொடியில் ஒரு கை மவுஸைத் தேடிப் போகும், திரும்பி வரும்போது விரல் தவறான விசையில் உட்காரும். கீடி என்ற சிறு மென்பொருளை நிறுவினேன். எட்சியில் கீடி அடைவுக்குள் டிஃபால்ட்.கான்ஃப் கோப்பில் நான்கே வரிகள்:

[ஐடிஸ்]
*
[மெயின்]
கேப்ஸ்லாக் = ப்ளேபாஸ்

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் கீடி என்று கொடுத்ததும் இடது சுண்டுவிரல் தொட்டால் பாட்டு நின்றது, மறுபடி தொட்டால் ஓடியது. ஐந்து நொடி பின்னால் போக, க்னோமின் குறுக்குவிசைப் பட்டியலில் 'கஸ்டம்' பகுதியில் ப்ளேயர்சிடிஎல் பொசிஷன் 5- என்ற கட்டளையைச் சூப்பர்+எஃப்9க்குக் கொடுத்தேன். விஎல்சியில் இது அழகாக வேலை செய்கிறது. ஒரு சொல் புரியாவிட்டால் அவர் பாட்டியின் குரலை மூன்று முறை, நான்கு முறை திருப்பிக் கேட்கிறார், கை பலகையை விட்டு எழவில்லை.

கீடியில் தப்பாக எழுதிப் பலகையே பூட்டிக்கொண்டால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், கீடி நின்றுவிடும். தொடங்கும் முன்பே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பதிப்பில் கீடி கிடைக்கவில்லை என்றால் இன்புட் ரீமேப்பர் இருக்கிறது, எல்லாம் சாளரத்திலேயே செய்யலாம்.

அறிகுறி 5: நேற்றுவரை இருந்த மாற்றங்கள், புதுப்பித்ததும் காணாமல் போயின

எக்ஸ்மோட்மேப், எக்ஸ்பைண்ட்கீஸ் கொண்டு மாற்றியிருந்தீர்களா? அவை எக்ஸ் அமர்வுக்கானவை. உபுண்டு 21.04, டெபியன் 10 தொடங்கி க்னோமில் இயல்பான அமர்வு வேலேண்டு, எக்ஸுக்குப் பதிலாக வந்த புதிய சாளர அமைப்பு. அங்கே இவை கைகொடுக்காது. எக்கோ கொடுத்து எக்ஸ்டிஜி_செஷன்_டைப் மாறியைப் பார்த்தால் எந்த அமர்வு என்று தெரியும். நுழையும் திரையில் எக்ஸ் அமர்வு இருந்தால் அதற்குத் திரும்பலாம். என் யோசனை, அந்த மாற்றங்களைக் கீடிக்கு நகர்த்துவது. அது இரண்டு அமர்விலும் ஓடும், வெறும் கன்சோலிலும் ஓடும்.

அறிகுறி 6: யாரும் தொடாமலே ஒலி குறைகிறது, பாட்டு நிற்கிறது

முதலில் இயர்போனைக் கழற்றுங்கள். கம்பியில் பட்டன் உள்ள இயர்போனின் முனையில் ஈரமோ அழுக்கோ இருந்தால், அது தானாகவே ஒலி குறைக்கும் கட்டளையை அனுப்பும். ப்ளூடூத் சாதனத்தையும் துண்டியுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் லிப்இன்புட் திரையைத் திறந்துவைத்துக் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். கீ_வால்யூம்டவுன் தானாக வந்துகொண்டே இருந்தால் விசை சிக்கியிருக்கிறது. பலகை மாற்றும்வரை கீடியில் வால்யூம்டவுன் = நூப் என்று எழுதினால் அந்த விசை வாய் மூடிக்கொள்ளும்.

அறிகுறி 7: கீபோர்டு முழுவதுமே ஊமையாகிவிட்டது, அல்லது நெடுநேரம் அழுத்தினால்தான் எழுத்து வருகிறது

வலது ஷிஃப்ட்டை 8 நொடி பிடித்திருந்தீர்களா? சில டெஸ்க்டாப்புகளில் அப்படிப் பிடித்தால் மெதுவிசைப் பயன்முறை தொடங்கிவிடும். மறுபடி 8 நொடி பிடித்தால் விலகும். ஷிஃப்ட்டை 5 முறை தட்டினால் ஒட்டுவிசைப் பயன்முறை. அக்ஸஸிபிலிட்டி செட்டிங்ஸில் விசையால் இவற்றைத் தொடங்கும் வசதியை அணைத்துவிடுங்கள். கை நடுங்கும் பெரியவர்கள் பயன்படுத்தும் கணினியானால் கேட்டுவிட்டு அணையுங்கள், அவர்களுக்கு அது தேவையாக இருக்கலாம்.

சூப்பர் விசை மட்டும் செத்துவிட்டது என்றால், பல விளையாட்டுக் கீபோர்டுகளில் எஃப்என்+விண்டோஸ் ஒரு பூட்டு. அதைத் திறந்தால் போதும்.

எப்போது ஆளிடம் கொண்டுபோக வேண்டும்

தேநீரோ தண்ணீரோ கொட்டியிருந்தால் உடனே. மின்சாரத்தைப் பிடுங்கி, அணைத்து, கழற்ற முடிந்தால் பேட்டரியையும் கழற்றி, கவிழ்த்து வைத்துக் கொண்டுவாருங்கள். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள். பால், சர்க்கரை கலந்த தேநீர் காய்ந்தபின் தடங்களை அரிக்கும். அன்றே வந்தால் காப்பாற்ற வாய்ப்பு அதிகம்.

வெளி யுஎஸ்பி கீபோர்டும் வேலை செய்யவில்லை, பயாஸ் திரையிலும் விசை எடுபடவில்லை என்றால் மதர்போர்டு பார்க்க வேண்டும். மெல்லிய லேப்டாப்களில் பலகை மேல்மூடியோடு ரிவெட் அடித்து வருகிறது. மூடி முழுவதையும் மாற்றுவார்கள், செலவு அதிகம். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் லிப்இன்புட் திரையைப் பழுது பார்ப்பவர் முன்னிலையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விசையின் பெயர் அதில் சரியாக வந்தால் பலகையை மாற்ற விடாதீர்கள். காசு இல்லாத மாதமானால், சில நூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கீபோர்டு வாங்கி ஓட்டிக்கொள்வதில் தப்பில்லை.